மாமா பரிமாறிய திங்கட்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்றுதான் நம் வீட்டுக் கடிதங்கள் தொடங்கும். உன் அம்மா நலம். மாமா நலம். நான் நலமில்லை, ஆனால் அது டாக்டரிடம் காட்டக்கூடிய நோவு அல்ல. உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். பதிலை நான் தமிழில் எழுதுகிறேன். டில்லியில் பிறந்து வளர்ந்த நீ இதை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பது தெரியும். இதை நீ வேகமாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே தமிழ்.

மூன்று பக்கங்கள் எழுதியிருந்தாய். பம்பாயிலிருந்து வரும் உன் கம்பெனிக்காரர்களை எங்கே தங்கவைப்பது, உன் மாமனாராகப் போகிற ஜாயிண்ட் செக்ரட்டரி அழைக்கும் பெரிய மனிதர்களை யார் வாசலில் நின்று வரவேற்பது, மண்டபத்தில் எந்த வரிசையில் யார் உட்காருவது எல்லாம் இருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியதுபோல் ஒரு வாக்கியம். சமையலுக்கு ஆள் பார்க்கும் பொறுப்பு நம்முடையதுதானே, குற்றாலம் மாமாவையே எடுத்துச் செய்யச் சொல்லிவிடலாம், அவருக்கும் அது ஒரு கௌரவமாக இருக்கும் என்று எழுதியிருந்தாய்.

முப்பது வருஷமாக மத்திய சர்க்காரின் ஃபைல்களில் குறிப்பு எழுதிவருகிறவன் நான். ஒரு வாக்கியம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் செய்து முடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஓர் ஆளை ஓர் அறையிலிருந்து அகற்ற வேண்டுமானால் அவருக்கு வேறோர் அறையில் கௌரவமான பொறுப்பு ஒன்றைக் கொடுப்பது எங்கள் இலாகாவின் வழக்கம். மாமா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் மணவறைப் பக்கம் வர முடியாது. வராதவரை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் என்ன செய்கிறார் என்று உன் மாமனார் கேட்க மாட்டார். ஓட்டலில் வேலை பார்க்கிறார் என்று நீ சொல்ல வேண்டியிருக்காது. நல்ல வாக்கியம். என் ஸெக்‌ஷனில் இப்படி எழுதக்கூடியவர்கள் இரண்டு பேர்கூட இல்லை.

படித்தவுடன் எனக்கு இதெல்லாம் உறைத்தது என்று நினைத்துக்கொள்ளாதே. படித்தவுடன் எனக்குத் தோன்றியது, நல்ல யோசனை என்பதுதான். புதன்கிழமை ஆபீஸ் விட்டதும் நேராக ஓட்டலுக்குப் போய் மாமாவிடம் கேட்டுவிட்டேன். அவர் ஒப்புக்கொண்டும் விட்டார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நீயும் அங்கே இருந்தாய். மறந்திருப்பாய் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை இல்லை.

அந்த நாட்களில் நாம் வெளியில் சாப்பிடுவது என்பது மாதத்தில் ஒரு முறை, சம்பளம் வந்த பிறகான முதல் சனிக்கிழமை. நீ சரோஜினி நகர் மார்க்கெட்டின் தள்ளுவண்டியில் சோலே பட்டூரா வேண்டும் என்பாய். உன் அம்மாவுக்கு பெங்காலி மார்க்கெட்டின் கோல்கப்பா பிடிக்கும். வாயை அவ்வளவு பெரிதாகத் திறந்து பொது இடத்தில் சாப்பிடுவது முறையல்ல என்று சொல்லிக்கொண்டே ஆறு சாப்பிடுவாள். நான் இரண்டு பேரையும் மறுத்து, பஸ் ஏற்றி, கன்னாட் பிளேஸின் வெளிவட்டத்தில் இருந்த அந்தத் தென்னிந்திய ஓட்டலுக்கு அழைத்துப் போவேன். வீட்டில் தினமும் சாப்பிடுகிற தோசையைச் சாப்பிட இரண்டு பஸ் மாறிப் போகும் குடும்பங்கள் அன்றைய டில்லியில் நிறைய இருந்தன. எல்லோரையும் அங்கே பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்காததுபோல் உட்கார்ந்திருப்போம்.

அந்த ஓட்டலில் முதலாளி தமிழர். கல்லாவில் இருந்தவர் தமிழர். பரிமாறியவர்கள், மாவரைத்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள் எல்லோரும் தமிழர். சாப்பிட வந்தவர்களில் பாதிப்பேர் தமிழர். ஆனாலும் மேஜையில் நாங்கள் இந்தியில்தான் ஆர்டர் கொடுப்போம். கொஞ்சம் பெரிய பதவியில் இருப்பவர்கள் ஆங்கிலத்தில் கொடுப்பார்கள். பரிமாறுகிறவர் இந்தியில் ‘அச்சா சாப்’ என்று வாங்கிக்கொண்டு, நாலடி தள்ளிப் போய், சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, “ஒரு மசாலா, ரெண்டு ரவா, முறுகலா!” என்று கத்துவார். அது எங்கள் காதில் விழாது. மேஜையில் தமிழ் பேசினால் பரிமாறுகிறவர் எந்த ஊர் என்று கேட்பார். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார். தெருவைச் சொன்னால் உறவு வந்துவிடும். உறவு வந்துவிட்டால் பிறகு அவரிடம் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்பது எப்படி? இந்தியை நாங்கள் எதிர்த்ததும் உண்டு, இப்படிப் பயன்படுத்தியதும் உண்டு.

என் விஷயத்தில் உறவு ஏற்கெனவே வந்திருந்தது. உன் அம்மாவின் தம்பி குற்றாலத்தை டில்லிக்கு அழைத்து வந்தவன் நான். ஊரில் பள்ளிக்கூடப் படிப்பு முடியாமல் நின்றுவிட்டது. ஏதாவது ஒரு சர்க்கார் ஆபீஸில் பியூனாகவாவது சேர்த்துவிடுகிறேன் என்று உன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அப்போது எங்கள் ஆபீஸ் இருந்த பவனிலேயே இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்கும். சொல்லவில்லை. என் மேஜைக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு வருகிற ஆள் என்னை அத்தான் என்று கூப்பிடுவதைக் கற்பனை செய்து பார்த்தேன். அது நிர்வாகத்துக்கு நல்லதல்ல என்று முடிவு செய்தேன். தற்காலிகமாக இருக்கட்டும் என்று அந்த ஓட்டல் முதலாளியிடம் சேர்த்துவிட்டேன். அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. இப்போது அவர் அங்கே மாஸ்டர்.

ஆபீஸில் என் மைத்துனர் ‘ஓட்டல் லைனில்’ இருப்பதாகச் சொல்லியிருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனி.

நான் ஸெக்‌ஷன் ஆபீசர் ஆனபோது எங்கள் டெபுடி செக்ரட்டரிக்கு விருந்து கொடுக்க வேண்டியிருந்தது. லக்னோக்காரர், நல்ல மனிதர். அவருக்கும் அவர் மனைவிக்கும் ‘அசல் மதராஸி சாப்பாடு’ சாப்பிட ஆசை. வீட்டுக்கு அழைக்கலாம் என்றாள் உன் அம்மா. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின் இரண்டு அறையில் டெபுடி செக்ரட்டரியை எங்கே உட்காரவைப்பது? ஓட்டலுக்கே அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. எந்த ஓட்டல் என்பதை அவரே சொல்லிவிட்டார். அவர் கேள்விப்பட்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

நான் நாள் பார்த்தேன். பஞ்சாங்கத்தை அவ்வளவு கவனமாக என் கல்யாணத்துக்குக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அன்று உன் அம்மாவுக்குச் சோமவார விரதம். வெளியில் சாப்பிட வர மாட்டாள். திங்கட்கிழமைதான் உன் மாமாவுக்கு வார லீவு. ஓட்டலில் இருக்க மாட்டார். டெபுடி செக்ரட்டரியின் மனைவி குழந்தையை அழைத்து வாருங்கள் என்று சொல்லியிருந்ததால் உன்னை மட்டும் கூட்டிக்கொண்டேன். நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாய். இவ்வளவு சிறப்பாக நான் திட்டமிட்ட காரியம் என் உத்தியோக வாழ்க்கையில் வேறு கிடையாது.

நாலு பேரும் உட்கார்ந்தோம். சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் தண்ணீர் டம்ளர்களோடு, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உன் மாமா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். அத்தான் என்ற சொல் அந்த வாயில் உருவாகிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அது வெளியே வருவதற்குள், “பானி ரக்கோ பையா, ஔர் மெனு லாவோ, ஜல்தி,” என்றேன், முன்பின் தெரியாத ஆளிடம் தண்ணீரை வை, சீக்கிரம் மெனு கொண்டு வா என்பதுபோல்.

அவர் டம்ளரை மேஜையில் வைத்தார். வைக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் மெதுவாக வைத்தார். பிறகு, “ஜி சாப்,” என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதனுக்கு விஷயத்தைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறாய்? எனக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

முதலில் கேசரி வந்தது. உன் தட்டில் மட்டும் இரண்டு முந்திரி கூடுதலாக இருந்தது. நீ நிமிர்ந்து பார்த்து, “மா...” என்று ஆரம்பித்தாய். நான் ஸ்பூன் நிறையக் கேசரியை எடுத்து உன் வாயில் வைத்தேன். அதை நீ விழுங்கி முடித்ததும் இன்னொன்று வைத்தேன். டெபுடி செக்ரட்டரியின் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “பச்சே ஸே கித்னா பியார் ஹை!” என்று கணவரிடம் சொன்னாள். குழந்தையிடம் இப்படி அன்பு செலுத்தும் தகப்பனை அவள் பார்த்ததே இல்லையாம்.

ரவா தோசை வந்தது. மாமா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது டெபுடி செக்ரட்டரி என்னிடம் இந்தியில் கேட்டார்.

“உங்கள் மைத்துனர் ஓட்டல் லைனில்தானே இருக்கிறார்? எந்த ஓட்டல்?”

“பம்பாயில் ஸார்,” என்றேன்.

“மேனேஜரா?”

“அசிஸ்டென்ட் மேனேஜர்.”

அப்போது மாமா என் தட்டுக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டலில் எட்டு வருஷமாக இந்தி பேசிப் பழகியவருக்கு இந்த உரையாடலில் புரியாத சொல் ஒன்றும் இல்லை. மேஜையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. பரிமாறுகிற அழகைப் பார்த்து டெபுடி செக்ரட்டரியே வியந்து, “பகுத் படியா! கஹான் கே ஹோ பாயி, மதராஸ்?” என்று அவரிடமே ஊரைக் கேட்டார். மாமா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, “கேரளா, சாப்,” என்றார்.

நான் அவரைப் பம்பாய்க்கு அனுப்பினேன். என் சௌகரியத்துக்கு அது மட்டும் போதாது என்று நினைத்து, அவர் தன்னையே கேரளாவுக்கும் அனுப்பிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து டெபுடி செக்ரட்டரி அதே ஓட்டலுக்குத் தனியாகப் போய் நம் ஊர், நம் தெரு என்று விசாரித்துவிடக் கூடாதே என்பது எனக்கே தோன்றவில்லை; அவருக்குத் தோன்றியிருக்கிறது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நீ கேட்டாய்: “அப்பா, மாமா ஏன் கேரளான்னு சொன்னாங்க?”

“அது ஆபீஸ் விஷயம். அம்மாட்ட சொல்லக் கூடாது.”

“அச்சா,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

உன் அம்மா விரதம் முடித்து இலையில் உட்கார்ந்திருந்தாள். நாம் உள்ளே நுழைந்ததும் கேட்டாள்: “குத்தாலம் நல்லா கவனிச்சானா? அத்தான் ஆபீசரைக் கூட்டிட்டு வாராங்கன்னு சொன்னேன். முதலாளிட்ட கெஞ்சி லீவை மாத்திக்கிட்டானாம். வேற யாரு கையிலயும் விட மாட்டேன், நானே நின்னு பரிமாறுதேன்னான்.”

மாமா அங்கே இருந்த காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அவனைப் பாக்கவே இல்லையே. உள்ளே வேலையா இருந்திருப்பான்,” என்றேன். அவள் நம்பாமல் உன்னைப் பார்த்தாள். யாரும் கேட்காமலே நீ சொன்னாய்: “ஆமாம்மா. மாமாவ நாங்க பாக்கவே இல்ல.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. நீ கெட்டிக்காரன், பிழைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். உன் மூன்றாம் பக்கத்து வாக்கியத்துக்கு இவ்வளவு நீண்ட பதில் ஏன் எழுதுகிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். அதை எழுதியதற்காக உன்னைக் கண்டிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. தடவிக்கொடுத்தவன் நான்.

அடுத்த திங்கட்கிழமை மாமா வழக்கம்போல் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். “அத்தான் வந்த அன்னிக்கு உள்ள ஒரே வேலைக்கா, எட்டிப் பாக்கக்கூட முடியல,” என்று உன் அம்மாவிடம் அவரே சொன்னார். மூன்று சாட்சிகள், கலந்து பேசாமல், ஒரே வாக்குமூலம். அதற்குப் பிறகு நம் குடும்பமாக ஓட்டலுக்குப் போன சனிக்கிழமைகளில் அவர் அக்காவிடம் தமிழில் பேசுவார், உன்னை மருமவனே என்று கூப்பிடுவார். நான் தனியாகவோ ஆபீஸ் ஆட்களோடோ போனால் ‘ஆயியே சாப்’ என்று இந்தியில் வரவேற்பார். கூட யாருமே இல்லாதபோதும் அப்படித்தான். சாப்பிட்டுவிட்டு வந்தால், அன்று மாலையே அவர் நம் வீட்டில் உட்கார்ந்து ‘அத்தான், காப்பி ஆறுது’ என்பார். நான் அவரிடம் இதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த ஏற்பாடு எனக்கு வசதியாக இருந்தது. ஏஷியாட் வந்து டில்லியெங்கும் மேம்பாலங்கள் முளைத்தன, நான் அண்டர் செக்ரட்டரி ஆனேன், நம் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. அந்த ‘சாப்’ மட்டும் மாறவில்லை.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். புதன்கிழமை போய்க் கேட்டேன் என்றேனே, அதே இந்தியில் வரவேற்றார். கல்யாணச் சமையலைப் பற்றிச் சொன்னதும் இந்தி போய்விட்டது. “மருமவன் கலியாணத்துக்கு நான் செய்யாம பின்ன யாரு செய்வா? எத்தன இலை அத்தான்? ஐநூறா? நாலு அடுப்பு போதும். நீங்க ஒண்ணும் கவலப்படாதிய,” என்று சொல்லிக்கொண்டே ஆர்டர் எழுதும் சீட்டின் பின்பக்கத்தில் சாமான் பட்டியலைத் தொடங்கிவிட்டார். நான் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திருப்தியோடு வீடு திரும்பினேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“அவன் அடுப்படியில நின்னா, மணவறையில பையனுக்கு மாலை யாரு போடுவா?”

நம் குடும்பத்தில் மாப்பிள்ளைக்கு முதல் மாலை தாய்மாமன் போட வேண்டும் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. எனக்குத் தெரியும். தெரிந்தவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

“சொல்லுங்க. ஒங்க ஆபீசுல எழுதிக் கேட்டா தாய்மாமனுக்கு ஒரு ஆளு அனுப்புவாகளோ?” என்றாள்.

அவள் கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் உன் வாக்கியம் என்ன செய்கிறது என்பதும், அந்தத் திங்கட்கிழமை நான் என்ன செய்தேன் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தன. மறுநாள் காலை ஆபீஸ் போகாமல், அவளை உட்காரவைத்து அந்தத் திங்கட்கிழமையைச் சொன்னேன். பானி ரக்கோ பையா, பம்பாய், கேரளா எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிட்டேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“அன்னிக்கு என்ன கொண்டுவந்து வச்சான்?” என்று கேட்டாள்.

“ரவா தோசை.”

“நல்லா இருந்துச்சா?”

இருந்தது. அதைத்தான் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. சமைக்கிறாள், மேஜையில் வைக்கிறாள். நான் சாப்பிடும்போது அந்த அறையில் இருப்பதில்லை. ஒருவர் உணவை வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துபோவது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் ஓய்ந்து ஓட்டல் ஆட்கள் சாப்பிடும் நேரத்தில், மறுபடியும் போனேன். உள்ளே நுழையும்போதே, “குத்தாலம்,” என்று கூப்பிட்டேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டார். சமையலுக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்கிறேன், நீ செய்ய வேண்டாம் என்றேன். முகம் விழுந்துவிட்டது.

“ஏன் அத்தான்? என் கைப்பக்குவம் பொண்ணு வீட்டுக்கு ஒத்துக்கிடாதுன்னுட்டாகளா? வேணும்னா ஒரு நாள் சமைச்சுக் காட்டுதேனே. சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லட்டும்.”

பார்த்தாயா? தன்னை மரியாதைக்குரிய இடத்தில் நிறுத்துவதற்காக நாம் ஒரு வேலையிலிருந்து விடுவிப்போம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றும்படி நாம் நடந்துகொண்டதில்லை. ஆகவே உள்ளதைச் சொல்வதைத் தவிர வழி இருக்கவில்லை.

“நீ சமைக்கணும்னு நான் கேட்கல. ஒன்னை அடுப்படிக்குள்ள மறைச்சு வைக்கணும்னு கேட்டேன்,” என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தார். பிறகு மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இது ஒங்க யோசனையா, மருமவன் யோசனையா?”

உன் கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது.

“என் யோசனை,” என்றேன்.

“அவன் சொல்லலல்லா?”

“அவனுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.”

“அப்ப சரி,” என்றார். முகம் தெளிந்துவிட்டது. “அது போதும் அத்தான். நீங்க எப்பவும் அப்பிடித்தானே.” அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இவருக்குச் சர்க்கரை வியாதி, காப்பியில் சீனி போடாதே என்று சொல்லுவோமே, அந்தக் குரலில் சொன்னார். மாலைக்கு ரோஜாவும் மரிக்கொழுந்தும் தானே மண்டிக்குப் போய் வாங்குவதாகச் சொன்னார். பட்டு வேட்டி ஒன்று ஊரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார். சமையலுக்கு யாரைப் போட்டிருக்கிறேன் என்று கேட்டு, அந்த ஆளுக்கு அவியல் வராது என்று எச்சரித்தார்.

பத்திரிகையில் அவர் பெயரைத் தாய்மாமன் என்று போட்டு அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. உன் மாமனாரிடமும் நேரில் போய், இன்ன ஓட்டலில் மாஸ்டராக இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டு வினாடி யோசித்தார். பிறகு, அந்த ஓட்டலில் மெதுவடை நன்றாக இருக்கும் என்றார். நீ பயந்தது அவ்வளவுதான். நான் பதினாறு வருஷம் பயந்ததும் அவ்வளவுதான்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அம்மா பார்க்கவில்லை. நீ அந்த வாக்கியத்தை எழுதவில்லை என்று மாமா நம்பிக்கொண்டிருக்கிறார். இதுவும் நான் அவரிடம் சொன்ன பொய்தான். இது அவருக்காகச் சொன்னதா, உனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதை உண்மையாக்குவது உன் கையில் இருக்கிறது. ‘மருமவனை நானே போய்க் கூட்டிட்டு வாரேன், நீங்க அலைய வேண்டாம்’ என்று சொல்லி, நீ வருகிற நாளுக்கு லீவு கேட்டிருக்கிறார். புது டில்லி ஸ்டேஷனில் உன் ரயில் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் அவர்தான் நிற்பார். உன் கம்பெனி நண்பர்கள் இரண்டு பேர் அதே வண்டியில் வருவதாக எழுதியிருக்கிறாய். நீ இறங்கியதும் உன் கையிலிருக்கும் சாமானை வாங்கிக்கொள்ளப் பார்ப்பார். கொடுக்காதே. இவர் யார் என்று நண்பர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், நீயே சொல்லிவிடு.

அப்பா